கழற்ற முடியாத சைட்போர்டு

முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர் வந்ததில் ஆச்சரியம் இல்லை. கதவுக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார். பிறகு டேப்பை எடுத்து அளந்து, தாம் சொன்னது சரிதான் என்று எதிரே நிற்பவருக்கும் காட்டுவார். இந்த இரண்டாவது பழக்கத்தால்தான் பெயர் ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெற்ற பிறகு அது சுருங்கி மில்லி ஆயிற்று. சுருக்கியவர்கள் பழஞ்சாமான் விற்கும் ஆன்டிக் மால்காரர்கள்.

வாழ்நாளெல்லாம் பிறத்தியாரை மேலே ஏற்றி இறக்கும் யந்திரத்தைப் பழுது பார்த்தவர் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். யாராவது இதைச் சுட்டிக்காட்டினால், "டாக்டர் வீட்ல எல்லாரும் மூணு வேளையும் மாத்திரையா திங்கறாங்க?" என்று கேட்பார்.

அந்த மால் ஒரு காலத்தில் சட்டை தைக்கும் தொழிற்சாலை. மூன்று தளம், எழுபத்திரண்டு தடுப்புகள். ஒவ்வொரு தடுப்பையும் யாரோ ஒருவர் வாடகைக்கு எடுத்து, சரக்கை அடுக்கி, நூலில் விலைச் சீட்டைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டுப் போய்விடுவார். விற்பவரைக் கண்ணால் பார்க்க முடியாது. எல்லாத் தடுப்புக்கும் சேர்த்து வாசலில் ஒரே ஒரு பெண்மணி உட்கார்ந்திருப்பார். கண்ணாடிப் பெட்டிகளின் சாவியெல்லாம் அவர் இடுப்பில்தான் தொங்கும். அவருக்குச் சாவியக்கா என்று பெயர். அவரைவிடப் பதினைந்து வயது மூத்த மில்லிக்கும் அவர் அக்காதான்.

சனிக்கிழமை காலை கதவு திறக்கும்போது மில்லி வாசலில் நிற்பார். அவர் தேடியது ராஜா காலத்துச் சாமான் அல்ல. அறுபது வருடத்துக்கு முன் புது மோஸ்தராக இருந்து, முப்பது வருடத்துக்கு முன் குப்பையாகி, இப்போது மறுபடியும் அரும்பொருளாகிவிட்டவை: சாய்ந்த கால் வைத்த நாற்காலி, காளான் மாதிரி மேஜை விளக்கு, சூரியக் கதிர் போல ஆணிகள் நீட்டிய சுவர்க் கடிகாரம், பல்வரிசைபோல் பித்தான்கள் கொண்ட ரேடியோ. இவற்றை முதல் தடவை குப்பையில் போட்டவர்களில் மில்லியின் சொந்த அப்பாவும் ஒருவர். அதைப் பற்றி அவர் பேசுவதில்லை.

இப்படிச் சாமான் தேடி வரும் வேட்டைக்காரர்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. வேண்டிய பொருளைத் தொடக்கூடாது. பக்கத்தில் இருக்கும் வேண்டாத பொருளைத் தூக்கிப் பார்த்து உச்சுக் கொட்ட வேண்டும். நாற்காலியை உட்கார்ந்து பார்ப்பவன் வாடிக்கையாளன். கவிழ்த்துப் பார்ப்பவன் வேட்டைக்காரன். இழுப்பறை என்றால் வெளியே இழுத்து, தலையை உள்ளே விட்டு மோந்து பார்க்க வேண்டும். பழைய மரத்துக்கு ஒரு வாசனை, பழசாக்கப்பட்ட மரத்துக்கு வேறு வாசனை. புதிதாக வருகிறவர்கள், தலையில்லாமல் நிற்கும் முதியவர்களைப் பார்த்துச் சற்றுத் தயங்கித்தான் அந்தத் தடுப்பைத் தாண்டுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: கழற்ற முடியாத எதையும் செய்யாதே. பழுது பார்க்கலாம், ஒட்டலாம், பூசலாம். ஆனால் பின்னால் வருகிறவன் அதைப் பிரித்துச் சரி செய்ய வழி இருக்க வேண்டும். மில்லி இதை வேதம் மாதிரி சொல்லுவார். சொல்லி மற்றவர்களைக் கழுத்தறுப்பார் என்பதே உண்மை.

அவருக்குப் போட்டி டார்ச் என்பவர். எந்த வெளிச்சத்திலும் கையில் டார்ச்சோடு வருவதால் அந்தப் பெயர். இருவரும் இருபது வருடமாக ஒருவரையொருவர் ஏமாற்றி, அந்த வழியில் நண்பர்களாகிவிட்டவர்கள். டார்ச் வாங்குவதை விற்றுவிடுவார். மில்லி விற்றதே இல்லை. ஒரு ஆஷ்டிரே கூட. அவர் வீட்டுக்குள் போன பொருள் போனதுதான். அவர் புகை பிடித்ததும் இல்லை.

இதனால் அந்த வீட்டில் நேராக நடக்க வழியில்லாமல் போனது. மில்லியின் மனைவி பத்திரப் பதிவு அலுவலகத்தில் ரெக்கார்டு அறையில் வேலை பார்த்தவர். பகலெல்லாம் கட்டுக் கட்டாகக் காகிதத்துக்கு நடுவில் ஒருக்களித்து நடந்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து நாற்காலிகளுக்கு நடுவில் ஒருக்களித்து நடப்பார். "எங்க மாமியார் மனுஷியைத்தான் மருமகளா கூட்டிட்டு வந்தாங்க. இவர் நண்டாக்கிட்டார்" என்று விருந்தாளிகளிடம் சொல்லுவார். கொஞ்ச நாளில் அதைக் கேட்க விருந்தாளிகளும் இல்லை. உட்காரச் சொல்ல வேண்டுமே. நாற்காலிகள் இருபத்திரண்டு இருந்தன, எதிலும் உட்காரக்கூடாது.

எட்டு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, இரண்டாவது தளம், நாற்பத்தோராம் தடுப்பு. நான்கு தோல் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. அவற்றுக்கு அடியில் வெள்ளை பெயின்ட் அப்பிய ஏதோ ஒன்று பெஞ்சு மாதிரிக் கிடந்தது. மில்லி குனிந்து கால்களைப் பார்த்தார். நான்கும் கீழ்நோக்கிச் சிறுத்து, வெளிப்பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தன. பெஞ்சு இல்லை, சைட்போர்டு. சாப்பாட்டு அறைச் சுவரை ஒட்டிப் பாத்திரம் பண்டம் வைக்கும், நீண்டு தாழ்ந்த அலமாரி. ஏழடி நீளம். முன்பக்கம் மெல்லிய சட்டங்களால் ஆன இரண்டு கதவுகள். தள்ளினால் சுருண்டு பக்கவாட்டில் மறைந்துகொள்ளும். ஓரத்தில் ஒரு இழுப்பறை. தலையை விட்டார். வெளியே எடுத்தபோது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. உள்ளே தேக்கு.

அடுத்த தடுப்பில் டார்ச்சின் வெளிச்சம் ஆடியது. மில்லி பெட்டிகளைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

"என்ன மில்லி சார், ஊரை விட்டுப் போறீங்களா?"

"பேரப் பிள்ளைங்களுக்கு. விளையாட."

"பேரப் பிள்ளைங்க பொறந்தாச்சா? சொல்லவே இல்ல."

"பொறக்கும்ல."

நான்கு பெட்டியையும் வாங்கி, கீழே இருக்கும் பெஞ்சையும் சேர்த்து எடுத்துக்கொள்வதாகச் சலிப்போடு சொன்னார். சாவியக்கா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு பில் போட்டார். பேரப் பிள்ளைகள் இன்றுவரை பிறக்கவில்லை. பெட்டிகள் உள்ளறையில் காத்திருந்தன.

ஏழடி நீளம் படிக்கட்டின் திருப்பத்தில் திரும்பாது என்பது மில்லிக்கு வாங்கும்போதே தெரியும். அளந்திருந்தார். அந்தக் காலத்துத் தச்சர்கள் வஜ்ஜிரம் போட்டு ஒட்டியிருப்பார்கள். தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை. ஆவி காட்டினால் இளகிவிடும். கீழே கார் நிறுத்துமிடத்தில் வைத்து ஒரு பகலில் பிரித்தார். பலகை பலகையாக மேலே தூக்கிப் போய், உள்ளறையில் வைத்துப் பெயின்ட் சுரண்டி, மெழுகு தேய்த்து, மறுபடி கூட்டினார். மூன்று மாதம் ஆயிற்று. கூட்டும்போதுதான் அதைச் செய்தார். வஜ்ஜிரம் காய்ச்சவில்லை. இரண்டு டியூப்பைக் கலந்து பூசும் பசை ஒன்று உண்டு. லிஃப்டில் இரும்போடு இரும்பை ஒட்ட அவர்கள் கம்பெனியில் உபயோகித்தது. இறுகினால் மரம் பிளக்குமே தவிரப் பசை விடாது. ஒவ்வொரு மூட்டிலும் அதைப் பூசினார்.

பார்க்க வந்த டார்ச் மூட்டு மூட்டாக வெளிச்சம் அடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன சார் இது? வஜ்ஜிரம் இல்லையா?"

"இல்ல."

"கழற்ற முடியாத எதையும் செய்யாதேன்னு எங்களையெல்லாம் கழுத்தறுத்தது நீங்கதானே?"

"கழற்றினாத்தானே வெளிய போகும்?" என்றார் மில்லி. "இது போகாது. நான் போனப்புறம் கூடப் போகாது."

தம் சட்டத்தை அவர் மீறியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். மீறும்போது ரொம்பச் சந்தோஷமாக இருந்தார்.

இந்த வருடம் மனைவிக்கு நுரையீரலில் புற்று வந்தது. கண்டுபிடித்தபோது டாக்டர், இன்னும் மாதக்கணக்கு இல்லை, வாரக்கணக்குதான் என்றார். ஆறு கட்டில் போட்ட வார்டு. ஆறு பேருக்கும் பொதுவாக ஒரு டிவி. அதை அணைக்கிற உரிமை யாருக்கும் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் மகள், தன் விசாவைப் புதுப்பித்துக் கிளம்ப இன்னும் மூன்று வாரம் ஆகும் என்று தினமும் போன் செய்தாள். மனைவி எதுவும் கேட்கிற ரகம் இல்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் கேட்டார்.

"என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க."

"வீட்லயா? அங்க எப்படி…"

"எப்படியோ. இந்த டிவிக்கு முன்னாடி சாக மாட்டேன்."

மருத்துவமனையே அதற்கு ஏற்பாடு செய்தது. உயர்த்தித் தாழ்த்தும் கட்டில், ஆக்ஸிஜன் மெஷின், தினமும் வந்து போகும் ஒரு நர்ஸ், எல்லாம் கொடுப்பார்கள். ஆனால் அறையை முதலில் நர்ஸ் வந்து பார்க்க வேண்டும். கட்டிலுக்கு இரு பக்கமும் ஆள் நிற்க இடம் வேண்டும், பக்கத்திலேயே குளியலறை வேண்டும். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வருகிறேன் என்றார் நர்ஸ். அறை சரியில்லை என்றால் வெள்ளிக்கிழமை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். கடைசி நாட்களுக்கென்றே ஊரின் மறுகோடியில் ஒரு இல்லம் இருந்தது.

குளியலறையோடு ஒட்டிய அறை அந்த உள்ளறை ஒன்றுதான். அதில் ஒன்பது நாற்காலி, ஐந்து விளக்கு, மூன்று ரேடியோ, நான்கு தோல் பெட்டி, பிறகு அது.

செவ்வாய்க்கிழமை மில்லி ஒரு வண்டி பிடித்துச் சாமான்களை மாலுக்குக் கொண்டுபோனார். சாவியக்கா விஷயத்தைக் கேட்டு, மூன்றாவது தளத்தில் காலியாக இருந்த தடுப்பைத் திறந்துவிட்டார். செய்தி அரை மணியில் பரவியது. எல்லாரும் வந்தார்கள். நாற்காலிகளைக் கவிழ்த்தார்கள், ரேடியோவின் முதுகைத் திறந்தார்கள், மோந்தார்கள். ஒருவரும் வாங்கவில்லை.

"மில்லி விக்கிறாருன்னா, அதுல என்னவோ இருக்கு" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது மில்லியின் காதில் விழும்படியே இருந்தது.

"போலியா?"

"நமக்குத் தெரியல. அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

மில்லி திரும்பினார். "சும்மா எடுத்துட்டுப் போங்கய்யா. எனக்கு இடம் வேணும், அவ்வளவுதான்."

அவ்வளவுதான், இருந்த நாலு பேரும் நாற்காலியை விட்டு ஓரடி பின்வாங்கினார்கள். சும்மா தருகிறார் என்றால் கரையான். அவர் மனைவி சாகக் கிடக்கிறார் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்கலாம். ஆனால் விலை பேசும்போது சாகக் கிடக்கும் மனைவியைக் கொண்டுவருவது அந்த மாலில் எல்லாரும் செய்வதுதான். மில்லியே இரண்டு தடவை செய்திருக்கிறார். எனவே வாயைத் திறக்கவில்லை. சாமான்களை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். அறை காலியானதே போதும்.

இப்போது அறையில் அது மட்டும் நின்றது. கட்டில் வர வேண்டிய சுவரில், இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை. மில்லி டேப் எடுத்து அளந்தார். அதை வைத்துக்கொண்டு கட்டில் போட்டால் ஒரு பக்கம் பத்தொன்பது சென்டிமீட்டர் மிஞ்சும். நர்ஸ் அத்தனை ஒல்லி இல்லை. கூடத்துக்குத் தள்ளலாம் என்றால் அறைக் கதவுக்கு வெளியே நடை உடனே திரும்புகிறது, ஏழடி திரும்பாது. ஜன்னலில் கம்பி.

அறுத்தால் இருபது நிமிஷ வேலை.

பசை இளகுமோ என்று மில்லி கெட்டிலில் வினிகரைக் காய்ச்சினார். துணியை நனைத்து மூட்டுகளில் சுற்றினார். பெயின்ட் உரிக்கும் சூட்டுக் காற்று மெஷினைப் பிடித்தார். மெல்லிய கத்தியை இடுக்கில் விட்டு, தலைமுடியளவு தள்ளி, மறுபடி நனைத்தார். இப்படியே செவ்வாய் சாயங்காலம் போயிற்று; புதன் முழுவதும் போயிற்று. நடுவில் மருத்துவமனைக்குப் போய் மனைவியின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். அவர் மேலே வினிகர் நாறியது.

"ஊறுகாயா போடறீங்க?" என்று மனைவி மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

"ரூம் ரெடி ஆயிட்டிருக்கு."

புதன் மத்தியானம் டார்ச் வந்தார். கையில் டார்ச் இல்லை, ரம்பம் இருந்தது. சாவியக்கா சொல்லி அனுப்பியிருந்தார்.

"தள்ளுங்க சார். நான் அறுக்கறேன். நீங்க வெளிய போய் நில்லுங்க."

"வேணாம். ஒரு மூட்டு விட்டுடுச்சு, பாரு."

"எத்தனை மூட்டு?"

"பதினாறு."

"எத்தனை விட்டுச்சு?"

மில்லி துணியைப் பிழிந்தார்.

"அண்ணே," என்றார் டார்ச். அப்படி அதுவரை கூப்பிட்டதில்லை. "மரம்ணே அது."

"தெரியும்யா மரம்னு. எனக்குத் தெரியாதா? நாளைக்குப் பதினோரு மணி வரைக்கும் இருக்கு. விட்டுடும்."

டார்ச் ரம்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார். மில்லியின் மேல் அவருக்கு ஆத்திரம். ஆனால் தாமாக இருந்தாலும் அறுத்திருப்போமா என்று படி இறங்கும்போது யோசித்துப் பார்த்து, முடிவுக்கு வராமல் தெருவுக்கு வந்துவிட்டார்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நர்ஸ் சரியாக வந்தார். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவர் பார்த்தது இது: தரை முழுக்க ஈரம், வினிகர் நெடி, நடுவில் ஒரு பக்கம் தோள் இறங்கி, மற்ற மூன்று பக்கமும் அசையாமல் ஒரு பெரிய அலமாரி, அதன் முன்னால் முழந்தாளிட்டிருந்த ஒரு முதியவர். பதினாறில் ஐந்து விட்டிருந்தது.

"சார், இது…"

"நாளைக்குள்ள எடுத்துடுவேன் சிஸ்டர்."

"நாளைக்குக் காலையில ஆம்புலன்ஸ் சார். இன்னிக்கு நான் எழுதிக் குடுத்தாகணும்." நர்ஸ் கெட்டவர் இல்லை. இரண்டு தடவை அறையைச் சுற்றி வந்தார். கட்டிலைக் குறுக்கே போட்டால் வருமா என்று கையால் அளந்துகூடப் பார்த்தார். "இதை உடைச்சு எடுத்திருக்கலாமே சார்?"

மில்லி தரையில் கிடந்த கத்தியை எடுத்துத் துடைத்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை மனைவியை ஊரின் மறுகோடிக்குக் கொண்டுபோனார்கள். சனிக்கிழமை காலை, மாலின் கதவு திறக்கும் நேரத்தில், மில்லி ரம்பத்தை எடுத்தார். இருபது நிமிஷம் என்று கணக்குப் போட்டிருந்தார். பதினாறு நிமிஷம்தான் ஆயிற்று. துண்டுகளைக் கீழே கொண்டுபோய்க் குப்பை வண்டி நிற்கும் இடத்தில் அடுக்கினார். அடுக்கும்போதுகூட ஓரங்களை நேர்ப்படுத்தினார். பிறகு மேலே வந்து தரையைத் துடைத்தார். திங்கட்கிழமை நர்ஸ் மறுபடி ஏறி வந்து பார்த்துவிட்டு, "அறை நல்லாருக்கு சார், புதன்கிழமை கூட்டிட்டு வந்துடலாம், டாக்டரைக் கேட்டுக்கறேன்" என்றார்.

இதைச் சொல்லத்தான் மில்லி அன்று மத்தியானம் இரண்டு பஸ் மாறி அந்த இல்லத்துக்குப் போனார். தனி அறை. டிவி இல்லை. சுவரில் ஒன்றும் இல்லை. மனைவி தலையணைக்கு மேல் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார்.

"ரூம் காலி" என்றார் மில்லி. "புதன்கிழமை போயிடலாம்."

"டாக்டர் காலையில வந்தார். இனிமே அசைக்கக் கூடாதாம். அந்த மூணு மாடி தாங்காதாம்."

மில்லி நின்றபடியே இருந்தார். உட்கார நாற்காலி இருந்தது. உட்காரலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"உக்காருங்க. இங்கல்லாம் நாற்காலி உக்காரறதுக்குதான்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: "எல்லாமா காலி? அந்தப் பெரிசு?"

"அதுவும்தான்."

"எப்படிப் போச்சு? அது கழறாதுன்னு பெருமை பேசுவீங்களே."

"அறுத்துட்டேன்."

மனைவி கண்ணை மூடிக்கொண்டார். வலி என்று நினைத்து மில்லி மணியை அழுத்தப் போனார்.

"அடப் பாவி மனுஷா" என்றார் மனைவி, கண்ணைத் திறக்காமல். "அது ஒண்ணுதானே எனக்குப் பிடிச்சது."

"என்னது?"

"நீங்க கொண்டுவந்ததிலேயே அது ஒண்ணுதான். சனிக்கிழமை நீங்க போனப்புறம் அந்தக் கதவைத் தள்ளித் தள்ளி விடுவேன். சரசரன்னு போகும். மறுபடி சரசரன்னு வரும்."

"ஒரு தடவை கூடச் சொல்லலையே நீ!"

"சொல்லியிருந்தா இன்னும் நாலு கொண்டுவந்திருப்பீங்க."

மில்லிக்குச் சிரிப்பு வந்தது. வரக்கூடாத இடத்தில் வந்ததால் வேறு ஏதோ சத்தமாக முடிந்தது. மனைவியும் சிரிக்கப் பார்த்தார். அது இருமலாகி, இல்லத்து நர்ஸ் ஓடி வந்து, மில்லியை வெளியே போகச் சொல்லி, அரை மணி கழித்து உள்ளே விட்டார்கள்.

அறுத்ததைப் பற்றி அதற்குமேல் மனைவி எதுவும் கேட்கவில்லை. வியாழக்கிழமைக்குள் ஏன் அறுக்கவில்லை என்றும் கேட்கவில்லை. கேட்டுவிடுவாரோ என்று மில்லி ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் பயந்துகொண்டே வந்தார். மொத்தம் நான்கு நாள் வந்தார். ஐந்தாவது நாள் காலையில், அவர் பஸ் மாறிக்கொண்டிருந்த நேரத்தில், மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் மனைவி ஒன்று கேட்டார். கல்யாணமாகி நாற்பது வருடத்தில் எந்தச் சாமானைப் பற்றியும் கேட்காத கேள்வி.

"அந்தப் பெரிசை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

மில்லி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஆதியிலிருந்து ஆரம்பித்தார். இரண்டாவது தளம், நாற்பத்தோராம் தடுப்பு, நான்கு பெட்டி, வெள்ளை பெயின்ட், பக்கத்தில் டார்ச்சின் வெளிச்சம். பேரப் பிள்ளைகள் வந்த இடத்தில் மனைவியின் உதடு லேசாக அசைந்தது. படியில் பலகை பலகையாகத் தூக்கி வந்ததைச் சொல்லும்போது தூங்கிவிட்டார். தூங்கிவிட்டார் என்று தெரிந்தும் மில்லி நிறுத்தவில்லை. சுரண்டியது, மெழுகு தேய்த்தது, கதவு முதல் தடவை ஓடியது என்று கடைசி வரை சொல்லி முடித்தார். பசை வருகிற இடத்தை மட்டும் விட்டுவிட்டார்.